வீட்டுக்குள்ளே ஒரு ஸ்டூடியோ!
(நாம் செய்த மாடலை நாமே படம் பிடிப்பது பற்றி)

"ரெண்டு பக்கம் காலியா கிடக்கு, ஏதாவது எழுதிக் குடுப்பா" என்று மலர்க்குழு நண்பர் மூன்று நாளாக என் பின்னாலேயே வந்தார். கவிதை எனக்கு வராது. ராக்கெட்டைப் பற்றியும் ரோபோவைப் பற்றியும் எழுத நம் பேரவையில் ஆட்கள் இருக்கிறார்கள். எனவே, கையைச் சுட்டுக்கொண்டு நான் படித்த ஒரு பாடத்தையே எழுதுகிறேன். அட்டையிலும் ஃபோம் ஷீட்டிலும் பஸ், லாரி, ரயில் எஞ்சின், கோயில் தேர் என்று செய்து தள்ளும் நண்பர்கள் நம் எல்லாப் பிரிவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். முதலாம் ஆண்டில் ஒரு வெளியூர் பஸ் செய்தேன். 1:20 அளவு. 11 மீட்டர் பஸ், 55 சென்டிமீட்டர் மாடல். பைண்டிங் அட்டையில் பாடி, ஓ.எச்.பி. ஷீட்டில் ஜன்னல், பின்னால் மேலே ஏற ஏணி, முன்னால் ஊர் பெயர்ப் பலகை, உள்ளே வரிசையாக சீட். ஏழு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. முடித்ததும் கட்டிலில் வைத்து, நின்ற வாக்கில், ஃப்ளாஷ் போட்டு நாலு படம் எடுத்தேன். "சூப்பர்டா" என்று எல்லோரும் சொன்னார்கள். பஸ் பரணுக்குப் போனது. ஐப்பசி மழையில் ஓடு ஒழுகியது. அட்டை ஊறிப் பிரிந்து, இறக்கிப் பார்த்தபோது பஸ் இல்லை, கூழ்தான் இருந்தது.

"போனால் போகட்டும், இன்னொன்று செய்வோம்" என்று அந்த நாலு படங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. படத்தில் பஸ்ஸின் கூரை பிரமாதமாகத் தெரிந்தது. பக்கத்தில் எத்தனை ஜன்னல் என்று எண்ண முடியவில்லை. முன்பக்கம் பூசணிக்காய் மாதிரிப் பெருத்தும் பின்பக்கம் சுருங்கியும் கிடந்தன. பெயர்ப் பலகை ஃப்ளாஷில் வெளுத்துப்போய் வெறும் வெள்ளைச் சதுரம். சுற்றிலும் பெட்ஷீட்டின் ரோஜாப்பூ, ஒவ்வொன்றும் பஸ் சக்கரத்தை விடப் பெரியது! அந்தப் படங்களை வைத்து என்னால் ஒரு அளவுகூட எடுக்க முடியவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மான்டரேயில் ஜான் ஆலன் என்று ஒருவர் இருந்தார். தன் வீட்டில் 1:87 அளவில் மலை, பாலம், ஊர், ரயில் என்று ஒரு தனி உலகத்தையே பல ஆண்டுகள் கட்டினார். "கோரி அண்ட் டிஃபீட்டட்" என்பது அவருடைய ரயில் கம்பெனியின் கேலிப் பெயர். 1973 ஜனவரியில் அவர் காலமானார். சில நாட்களிலேயே வீட்டில் தீப்பிடித்து அந்த மாடலின் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது. ஆனால் மாடல் ரயில்காரர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். காரணம் எளிது. ஜான் ஆலன் தொழில்முறைப் புகைப்படக்காரர். மாடலை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படிப் படம் எடுத்து வைத்திருந்தார்.

ஆக, படம் எடுப்பதும் மாடல் செய்யும் வேலையின் கடைசிக் கட்டம் என்றே நான் வைத்துக்கொண்டேன். அதற்கு விலையுயர்ந்த கேமரா வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்டைப் பையில் உள்ள போன் போதும். மற்றதெல்லாம் நமது டிராயிங் ஹாலிலும் வீட்டிலும் கிடப்பவைதான்.

சாமான்கள்

டிராயிங் போர்டு, டிரேசிங் பேப்பர், நாலைந்து கிளிப், ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகை, ஒரு கருப்பு சார்ட், ஒரு டேபிள் லேம்ப், அப்பாவின் வெள்ளை வேட்டி. வேட்டியைக் கேட்டுவிட்டு எடுக்கவும்.

மாடலுக்குப் பின்னால் ஒரு சார்ட்டைச் சுவரில் கிளிப் போட்டு, மடிப்பு விழாமல் வளைத்து மேஜை மேல் இறக்க வேண்டும். சுவரும் தரையும் சேரும் கோடு அப்போது தெரியாது, மாடல் மட்டும் தனித்து நிற்கும். தூய வெள்ளையை விட வெளிர் சாம்பல் நிறம் நல்லது. வெள்ளை நிற மாடலின் விளிம்பு வெள்ளைப் பின்னணியில் கரைந்துபோகும். என் பஸ் மாதிரி நீளமான மாடலுக்கு ஒரு சார்ட் போதாது. இரண்டை ஒட்டினால் ஒட்டு தெரியும். எனக்குக் கைகொடுத்தது ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரின் பின்பக்கம். முன்பக்கம் யாரோ கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருப்பார், பின்பக்கம் நம் பஸ் நிற்கும். பளபளப்பு இல்லாத பேனராகப் பார்த்து எடுக்கவும். அதைச் சுருட்டித்தான் வைக்க வேண்டும், மடித்தால் கோடு விழுந்துவிடும்.

ஒளி: இங்கேதான் முக்கால்வாசி வேலை

போனில் உள்ள ஃப்ளாஷை முதலில் அணைத்துவிடுங்கள். அது லென்ஸுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. அதன் ஒளியில் விழும் நிழலெல்லாம் பொருளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். நிழல் தெரியாவிட்டால் மேடு பள்ளம் தெரியாது. நான் ஒவ்வொன்றாக ஊசி முனையில் வைத்த ரிவெட் புள்ளிகள் ஒன்றுகூட அந்த நாலு படத்தில் இல்லை. விளக்கு பக்கவாட்டிலிருந்து வந்திருந்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சின்ன நிழல் விழுந்து தெரிந்திருக்கும்.

ஓசியில் கிடைக்கும் நல்ல விளக்கு ஜன்னல். ஜன்னலுக்குப் பக்கவாட்டாக மேஜையைப் போட்டு, மாடலின் ஒரு பக்கத்துக்கு வெளிச்சம் வரும்படி வைக்கவும். மறுபக்கம் இருட்டாக இருக்கும். அங்கே தெர்மாகோலை நிறுத்தினால் ஜன்னல் ஒளி அதில் பட்டுத் திரும்பி இருட்டைக் குறைக்கும். தெர்மாகோலைக் கிட்டே தள்ளுங்கள், தூரமாக இழுங்கள், நிழல் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பத்து நிமிடம் இந்த விளையாட்டை விளையாடினால் எந்தப் புத்தகமும் வேண்டாம்.

புத்தகம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. "வடக்கு ஜன்னல்தான் சிறந்தது, அங்கே நேர் வெயில் வராது" என்று மேல்நாட்டுக்காரர்கள் எழுதியிருப்பார்கள். அவர்கள் ஊருக்கு அது பெரும்பாலும் சரி, நமக்கு அப்படியே பொருந்தாது. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் உள்ளது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியனே நமக்கு வடக்கில்தான் நிற்கும். காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் எட்டிப் பார்க்கும். எனவே திசையைப் பார்க்காமல், வெயில் நேராக விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். விழுந்தால் ஜன்னலில் வேட்டியைக் கட்டிவிடலாம். அப்போது ஜன்னல் அளவுக்கு வேட்டியே ஒரு பெரிய விளக்காகிவிடும்.

"பெரிய விளக்கு" என்று சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நிழலின் விளிம்பு கூர்மையா, மென்மையா என்பதை விளக்கின் வாட்ஸ் முடிவு செய்வதில்லை. மாடல் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் முடிவு செய்கிறது. வெறும் பல்பு சின்னது, நிழல் கத்தி மாதிரி விழும். அதற்கு முன்னால் ஒரு முழு டிரேசிங் பேப்பரைக் கட்டினால் மாடல் பார்ப்பது பல்பை அல்ல, பேப்பரைத்தான். நிழல் மென்மையாகும். அதே பேப்பரை மூன்று மீட்டர் தள்ளி வைத்தால் மறுபடி சின்ன விளக்காகிவிடும். இரவில் டேபிள் லேம்ப் வைத்து எடுப்பவர்கள் பேப்பரை பல்பின் மேல் ஒட்டக் கூடாது. ஒரு சாண் இடைவெளியாவது விட்டு, ஒரு சட்டத்தில் கட்ட வேண்டும். ஒட்டினால் பேப்பர் பெரிய விளக்காகாது. பழைய குண்டு பல்பாக இருந்தால் பேப்பர் கருகும்!

அடுத்தது தூரம். முதல் செமஸ்டர் இயற்பியலில் படித்துவிட்டு மறந்த இருமடி எதிர்விகித விதி இங்கே வேலை செய்கிறது. டேபிள் லேம்பை என் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து நேராக 30 சென்டிமீட்டரில் வைத்ததாகக் கொள்வோம். பின்பக்கம் விளக்கிலிருந்து 85 சென்டிமீட்டர். 85-ஐ 30-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 8. அதாவது, முன்பக்கத்துக்கு விழும் ஒளியில் எட்டில் ஒரு பங்குதான் பின்பக்கத்துக்கு. முன்னால் வெளுத்து, பின்னால் கருத்துத்தான் படம் வரும். அதே விளக்கை ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள். இப்போது 205-க்கு 150. வர்க்கம் 1.87. வித்தியாசம் சுமார் இரண்டு மடங்குதான், அதைக் கேமரா சமாளித்துவிடும். தள்ளி வைத்தால் வெளிச்சம் குறையுமே என்கிறீர்களா? குறையட்டும். மாடல் ஓடிப்போகாது. ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று. ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது அறையின் டியூப் லைட்டையும் பல்பையும் அணைத்துவிடவும். பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் பல்பு 2700 கெல்வின். இரண்டும் கலந்தால் பஸ்ஸின் ஒரு பக்கம் நீலம் பாய்ந்தும் மறுபக்கம் மஞ்சள் பூசியும் வரும். கேமராவின் வெண்சமநிலை ஏதாவது ஒன்றைத்தான் சரிசெய்யும். மலிவான எல்.இ.டி. பல்புகளில் சிவப்பு அலைநீளம் குறைவாக இருக்கும், சிவப்பு பெயிண்ட் மங்கலாகத் தெரியும். பல்பு வாங்கினால் பெட்டியில் சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேமராவை எங்கே வைப்பது?

நாம் நிஜ பஸ்ஸை எங்கிருந்து பார்க்கிறோம்? பஸ் ஸ்டாண்டில் நின்று, ஐந்தடி உயரக் கண்ணால் பார்க்கிறோம். மாடலை எங்கிருந்து பார்க்கிறோம்? ஹெலிகாப்டரிலிருந்து! அதனால்தான் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் படத்தில் பொம்மையாகத் தெரிகிறது. தரையிலிருந்து 1.6 மீட்டர் என்பது 1:20 மாடலில் 8 சென்டிமீட்டர். லென்ஸின் நடு மையம் அந்த 8 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். போனை நேராக நிறுத்தினால் லென்ஸ் மேலே போய்விடும். போனைத் தலைகீழாகத் திருப்புங்கள். லென்ஸ் கீழே வந்துவிடும். படம் தானாகவே நேராகிவிடும், ஆகாவிட்டால் பின்னர் திருப்பிக்கொள்ளலாம். இந்த ஒரு தந்திரத்தைச் செய்து பார்த்த அன்று நானே என் மாடலைப் பார்த்து ஒரு நிமிடம் ஏமாந்தேன்.

தூரத்துக்கும் இதே கணக்குதான். ஒரு மீட்டரிலிருந்து எடுத்தால் நிஜத்தில் 20 மீட்டரிலிருந்து பஸ்ஸைப் பார்ப்பதற்குச் சமம். 30 சென்டிமீட்டரில் எடுத்தால் ஆறு மீட்டரிலிருந்து, 11 மீட்டர் வண்டியை, மூக்கை உரசிக்கொண்டு பார்க்கிற மாதிரி. முன்பக்கத்தை அந்த 30 சென்டிமீட்டரிலிருந்து எடுத்தால், பின்பக்கம் 85-இல் இருப்பதால் முன்பக்கத்தின் 35 சதவீத அளவில்தான் தெரியும். மூன்று மீட்டர் தள்ளிப் போனால் 300-க்கு 355, அதாவது 85 சதவீதம். எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அவ்வளவுக்குப் படம் நம் டிராயிங் ஷீட்டில் உள்ள ஆர்த்தோகிராஃபிக் தோற்றத்தை நெருங்கும். போனில் வெறும் டிஜிட்டல் ஜூமை நம்ப வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது லென்ஸ் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் தள்ளி நின்று எடுத்துப் பின்னர் வெட்டிக்கொள்ளுங்கள்.

ஃபோகஸ் விஷயத்தில் போன் வைத்திருப்பவர்கள் பெருமைப்படலாம். பொருள் கிட்டே வரவரத் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். பெரிய கேமராக்காரர் ஹெட்லைட்டைத் தெளிவாக்கினால் பின்சக்கரம் மங்கிவிடும். அவர் லென்ஸை எஃப்/16 வரை சுருக்கியாக வேண்டும். போனில் சென்சார் சின்னது, அதனால் ஆழம் தானாகவே அதிகம். கண் நமக்குத் தெரியாமலே "மங்கல் நிறைய இருந்தால் சின்னப் பொருள்" என்று தீர்ப்பு எழுதிவிடும். நிஜ ஊரின் படத்தை மேலும் கீழும் மங்கலாக்கி பொம்மை ஊராகக் காட்டும் வித்தையைப் பார்த்திருப்பீர்களே, அதன் ரகசியம் இதுதான். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். ஆகவே போர்ட்ரெய்ட் மோட் பக்கமே போகாதீர்கள். அது பின்னணியை மங்கலாக்குகிறேன் என்று என் பஸ்ஸின் சைடு மிரரையே தின்றுவிட்டது. பெரிய கேமராவில் எடுத்தே தீர வேண்டும் என்பவர்கள் ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படம் எடுத்து, இலவச மென்பொருளில் ஒன்றாக்கிக்கொள்ளலாம். இடையில் மேஜை அசையக் கூடாது, அவ்வளவுதான்.

போனைக் கையில் பிடிக்காதீர்கள். டிரைபாட் இல்லையா? செங்கல் மேல் ஒரு சின்ன மணல் பை வைத்து அதில் சாய்த்துவிடுங்கள். மூன்று விநாடி டைமர் போடுங்கள், விரல் பட்ட ஆட்டம் அடங்கிவிடும். 'புரோ' மோட் இருந்தால் ஐ.எஸ்.ஓ.வை 100-இல் நிறுத்தி ஷட்டரை மெதுவாக்குங்கள். பத்தில் ஒரு விநாடி ஆனாலும் பரவாயில்லை. வேகமான ஷட்டரில் இன்னொரு தொல்லையும் உண்டு. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஆகவே விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். மலிவு எல்.இ.டி.யில் 400-இல் ஒரு விநாடி போன்ற வேகத்தில் எடுத்தால் படத்தில் கருப்புக் கருப்பாகப் பட்டை ஓடும். 100-இல் ஒன்று, 50-இல் ஒன்று என்று முழு அலையாக வருமாறு வைத்தால் பட்டை மறையும். மின்னியல் பிரிவு நண்பர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

வெள்ளைப் பின்னணி சாம்பலாக வருகிறதே என்று பலர் கேட்கிறார்கள். கேமராவுக்கு வெள்ளை தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்து வெளிச்சத்தைக் கணக்கிடும். வெள்ளை அதிகமாக இருந்தால் நாம் எக்ஸ்போஷரை +1 வரை கூட்ட வேண்டும், கருப்பு அதிகமாக இருந்தால் குறைக்க வேண்டும். திரையில் மாடல் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியப் படத்தை மேலே தள்ளினால் போதும்.

கண்ணாடியும் தூசியும்

என் இரண்டாவது பஸ்ஸின் முதல் படத்தில், முன் கண்ணாடியில் டிரைவர் சீட்டுக்குப் பதில் லுங்கி கட்டிய ஒருவர் தெரிந்தார். நான்தான்! படுகோணமும் மீள்கோணமும் சமம். கண்ணாடியில் எது தெரிகிறதோ அதைக் கருப்பாக்கிவிட்டால் தீர்ந்தது. கருப்பு சார்ட்டின் நடுவில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாக எடுக்கலாம். இன்னொரு வழி, போலரைஸ்டு கூலிங் கிளாஸ். உங்கள் கூலிங் கிளாஸ் அந்த வகையா என்று அறிய, அதன் வழியே கால்குலேட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு கண்ணாடியைச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் திரை கருத்துப்போனால் அதுதான். அதை லென்ஸுக்கு முன்னால் பிடித்துச் சுழற்றினால் ஜன்னலின் பளபளப்பு குறையும். பரப்பிலிருந்து சுமார் 35 டிகிரி சாய்வில் பார்க்கும்போது நன்றாக வேலை செய்யும், நேருக்கு நேர் பார்த்தால் பலன் இல்லை. உலோகத்தின் பளபளப்பு இதற்கு அடங்காது.

தூசியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பழைய வாட்டர்கலர் பிரஷ்ஷால் தட்டவும், முதலில் லென்ஸைத் துடைக்கவும். ஆனால் ஒன்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பசை நூல், விரல் ரேகை, இன்ஸ்டன்ட் பசை ஆவியால் கண்ணாடியில் படிந்த வெள்ளைப் புகை எல்லாம் பல்லைக் காட்டும். மனசு நொந்துபோக வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் வெர்னியர் வைத்துப் பார்ப்பது போல இதுவும் ஒரு சோதனை. நான் இப்போது பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுகிறேன்.

மொட்டை மாடி

இதுவரை சொன்னது மாடலை மாடலாகக் காட்டும் படம். நிஜம் போலவே தெரிய வேண்டும் என்றால் வேட்டியையும் டிரேசிங் பேப்பரையும் மூட்டை கட்டிவிட்டு மாடிக்கு வாருங்கள். மென்மையான ஒளி பொருளை அழகாகக் காட்டும். ஆனால் ரோட்டில் நிற்கும் பஸ்ஸின் மேல் விழுவது வெயில். சூரியன் வானத்தில் சுமார் அரை டிகிரி அகலம்தான், அதனால் நிழல் கூர்மை. ஐந்து சென்டிமீட்டர் விளக்கு வைத்து அந்த அரை டிகிரியைக் கொண்டுவர ஐந்தரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அவ்வளவு நீளமான வராண்டா இருந்தால் இரவிலும் முயலலாம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நிஜத்தில் ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் கூரையின் நிழல் விளிம்பு சுமார் 9 மில்லிமீட்டர் மங்கும். மாடலில் அந்தக் கூரை 5 சென்டிமீட்டர், மங்கல் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 20-ஆல் பெருக்கினால் அதே 9! சூரிய ஒளி எல்லா ஸ்கேலுக்கும் தானாகப் பொருந்திவிடுகிறது.

மைக்கேல் பால் ஸ்மித் என்ற அமெரிக்கர் இதை வைத்தே பெயர் வாங்கினார். 1:24 பொம்மைக் கார்களையும் தானே செய்த கட்டடங்களையும் ஒரு மேஜை மேல் வைத்து, மேஜையை நிஜமான தெருவுக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பார். பின்னால் தெரியும் மரமும் வீடும் நிஜம், முன்னால் நிற்கும் கார் பொம்மை. மேஜை விளிம்பும் நிஜ ரோடும் கேமராவில் ஒரே கோட்டில் சேரும். அவர் "எல்ஜின் பார்க்" என்று பெயரிட்ட அந்த இல்லாத ஊரைச் சாதாரணச் சின்னக் கேமராவில்தான் எடுத்தார்.

நமக்கு மாடி கைப்பிடிச் சுவர் இருக்கிறது. சுவர் மேலேயே வைக்காதீர்கள், காற்றுக்கு அட்டை பஸ் பறந்துவிடும். சுவரை ஒட்டி ஒரு ஸ்டூல், அதன் மேல் டிராயிங் போர்டு, அதன் மேல் சாலை. காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை நாலரைக்கு மேல் எடுத்தால் நிழல் நீளமாக விழும், உச்சி வெயிலில் ஜன்னலெல்லாம் கருங்குழியாகிவிடும். பின்னால் தென்னை மரமும் தூரத்துக் கட்டடமும் வரட்டும், அடுத்த வீட்டு மிக்சர் டப்பா மட்டும் வரக் கூடாது. சாலையோரத்துக்கு மணலை அப்படியே கொட்டினால் பாறாங்கல்லாகத் தெரியும். சிவில் நண்பர்களிடம் சல்லடை கேளுங்கள். 1.18 மில்லிமீட்டரில் இறங்கி 600 மைக்ரானில் நின்ற மணல், 1:20-இல் 12 முதல் 24 மில்லிமீட்டர் ஜல்லி! மழைக்காட்சி என்று தண்ணீர் மட்டும் தெளிக்காதீர்கள். தண்ணீர்த் துளியை எந்தச் சல்லடையாலும் சின்னதாக்க முடியாது, கண்ணாடியில் ஒவ்வொரு துளியும் தேங்காய் அளவுக்கு நிற்கும்.

மறக்காமல் எடுக்க வேண்டியவை

மாடிப் படம் பார்க்க அழகு. ஆனால் முதலில் எடுக்க வேண்டியது அதுவல்ல. பெயிண்ட் காய்ந்த அன்றே டிராயிங் போல முன்தோற்றம், இரு பக்கத் தோற்றம், பின்தோற்றம், மேல்தோற்றம் என்று ஐந்து படம் எடுங்கள். மூன்று மீட்டர் தள்ளி, போன் கொஞ்சமும் சாயாமல், திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மாடலை ஒட்டி, அதே தளத்தில், ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைக்கவும். அந்த ஸ்கேல் இருந்தால் பிற்காலத்தில் திரையிலேயே அளந்து ஜன்னல் இடைவெளியை மில்லிமீட்டர் கணக்கில் எடுத்துவிடலாம். பிறகு கூரையை ஒட்டுவதற்கு முன் உள்ளே சீட் வரிசையை ஒன்று, அடிப்பக்கம் ஆக்சில் பொருத்தியதை ஒன்று. அவை மூடிய பிறகு திரும்பக் கிடைக்காது. எனக்கு இன்றுவரை முதல் பஸ்ஸில் கியர் ராடை எப்படிப் பொருத்தினேன் என்பது ஞாபகமில்லை.

மலரில் போடப் படம் தருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அச்சில் நாலு அங்குல அகலம் வர வேண்டுமானால் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1200 புள்ளி வேண்டும். வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கருப்பு வெள்ளையில் அச்சாகும் என்றால் போனிலேயே ஒருமுறை கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். சிவப்பு பஸ்ஸும் பச்சைப் பின்னணியும் ஒரே சாம்பலாகிவிட்டால் பின்னணியை மாற்றி எடுக்கவும்.

இரண்டாவது பஸ் இப்போது முக்கால்வாசி முடிந்திருக்கிறது. இந்த முறை பாடி முழுவதும் ஃபோம் ஷீட். ஜன்னல் எண்ணிக்கைக்காக அதே ரூட் பஸ்ஸில் ஏறி இறங்கி எண்ணிக்கொண்டு வந்தேன், கண்டக்டர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். அடுத்த ஞாயிறு கூரை ஒட்ட வேண்டும், அதற்கு முன் உள்பக்கப் படங்களை எடுத்துவிட வேண்டும். யாரிடமாவது கருப்பு சார்ட் மிச்சம் இருந்தால் விடுதியில் என் அறைக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் மாடலையும் எடுத்து வாருங்கள், அந்த மேஜையிலேயே இரண்டையும் எடுத்துவிடலாம்.